யாரும் விற்காத பன்றி

விலையைச் சந்தை தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. சந்தை என்ன வாய் திறந்து பேசுமா? யாரோ விசாரித்து, யாரோ எழுதி, யாரோ அச்சடித்த பிறகுதான் ஒரு தொகை 'விலை' ஆகிறது. அந்த 'யாரோ' யார் என்பதுதான் அமெரிக்கப் பன்றி இறைச்சி விலையின் வரலாறு.

1865இல் திறந்து 1971இல் மூடிய சிகாகோ யூனியன் ஸ்டாக் யார்ட்ஸில் உயிருள்ள பன்றிக்கான பேரம் பலர் பார்க்க நடந்தது. இறைச்சிக்கான பேரமோ தொலைபேசியில், ரெண்டு பேருக்கு மட்டும் தெரிய. அந்த விலைகளை விசாரித்து அச்சிட்டு விற்றது 'மஞ்சள் தாள்' என்றழைக்கப்பட்ட தனியார் வெளியீடு. ஏராளமான இறைச்சி பேரமே இல்லாமல், 'தாள்ல என்ன போடறானோ அதுதான்' என்ற சூத்திரத்தில் கைமாறியது. பேசி முடித்த சில வியாபாரங்களுக்குப் பேசாத பெருங்கூட்டம் கட்டுப்பட்டது. 1970களின் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் குழு இதை விசாரித்தது. சூத்திரம் போகவில்லை.

வேளாண்மைத் துறை வெளியிடும் மொத்த விலைக்குப் பெயர் 'கட்அவுட்'. நம்மூர் சினிமா கட்அவுட் இல்லை. ஆனால் பெயர் பொருத்தம்தான், இதுவும் ஆள் இல்லாத உருவம். தொடை, முதுகு, தோளின் இரு துண்டுகள், விலா, வயிறு என்று ஆறு பாகங்கள். ஒவ்வொன்றும் அன்று விற்ற விலையை விற்ற எடைக்கேற்பச் சராசரியாக்கி, ஒரு உடலில் அதற்குள்ள பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் நூறு பவுண்டுக்கு இத்தனை டாலர். தொடை ஒரு ஆலையுடையது, வயிறு இன்னொன்றுடையது. இந்தப் பன்றி எங்கும் மேய்ந்ததில்லை, யாரும் விற்றதுமில்லை.

1998 டிசம்பரில் உயிர்ப்பன்றி விலை நூறு பவுண்டுக்குப் பத்து டாலர் அளவுக்கு வீழ்ந்தது. தீனிச் செலவுக்கே காணாது. கடையில் கறி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. விவசாயிகளின் கோபத்தில் 1999இல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பன்றிக்கு மேல் அறுக்கும் ஆலைகள் தாங்கள் வாங்கும் விலையைச் சொல்லியே ஆகணும். 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விற்கும் இறைச்சியின் விலை மட்டும் ஆலைகளின் விருப்பத்துக்கே விடப்பட்டது, 2013 ஜனவரி வரை! வாங்குபவன் கணக்கைக் காட்டச் சொன்ன சட்டம் அவனே விற்பவனாகும்போது பன்னிரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குள் விவசாயியின் பேரமே வற்றிப்போனது. 1990களின் நடுவில் பாதிக்கு மேற்பட்ட பன்றிகள் பேரம்பேசி விற்கப்பட்டன. 2010களின் இறுதியில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிச்சமெல்லாம் ஒப்பந்தம். அதில் பலவும் இப்போது கட்அவுட்டோடு கட்டப்பட்டவை. அதாவது நிஜப் பன்றிக்கு விலை சொல்வது அந்த இல்லாத பன்றி. 1980இல் ஆறு லட்சத்துக்கும் மேலிருந்த பன்றிப் பண்ணைகள் 2012இல் எழுபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன.

இன்னொரு வேடிக்கை, ரகசியக் காப்பு விதி. அறுபது நாள் கணக்கில் பாதித் தடவையாவது மூன்று நிறுவனங்கள் தகவல் தந்திருக்கணும். ஒரே நிறுவனம் எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண் வெளிவராது. ஆலைகள் ஒன்றையொன்று விழுங்க விழுங்க, வெளியிடக்கூடிய விலையும் குறைகிறது. விழுங்கியவனின் வியாபார ரகசியத்துக்குச் சட்டமே காவல்.

2020 நவம்பரில் சிகாகோ பரிவர்த்தனை நிலையம் கட்அவுட்டின் மீதே முன்பேர வணிகம் தொடங்கியது. தவணை முடிவில் அங்கே இறைச்சி எதுவும் வந்து இறங்குவதில்லை. வெளியான எண்ணை வைத்துப் பணத்தில் கணக்கு தீர்க்கப்படுகிறது.