அறுபது நாள் அவகாசம்

கூவம் என்றதும் சென்னைக்காரர்களின் கை மூக்குக்குப் போகும். ஆனா கூவம் முதலில் ஒரு ஊரின் பெயர். கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் போகவேண்டிய ஊர் அது; தேவாரத்தில் அதற்குத் திருவிற்கோலம் என்று பெயர். அந்த ஊர் ஏரியின் உபரி நீரும், கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வரும் நீரும்தான் கூவம் ஆறு. பிரியாமல் நேரே போகும் கொசஸ்தலை பூண்டி ஏரியைத் தொட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. கடம்பத்தூரிலிருந்து எண்ணூர் வரை, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, எந்த ஆலை எங்கே வரலாம், எந்த ஏரியில் மண் எடுக்கலாம், எது கழிமுகம் எது காலிமனை என்பதையெல்லாம் முடிவுசெய்வது சுற்றுச்சூழல் சட்டங்கள். அவை எப்படி மாறுகின்றன என்பது பலரும் கவனிக்காத ஒரு கதை.

ஆட்சி மாறினால் சட்டம் மாறும் என்று பொதுவாக நினைக்கிறோம். இந்தத் துறையில் நடப்பது கொஞ்சம் வேற. சட்டத்தின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே வரும் அறிவிக்கை, அலுவலகக் குறிப்பாணை, வரைபடம், ஆலைகளின் வகைப்பட்டியல் ஆகியவைதான் மாறும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். புரோகிராமில் கைவைத்தால் நாலு பேர் ரிவ்யூ செய்வார்கள். கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனா சிஸ்டம் நடந்துகொள்ளும் விதமே மாறியிருக்கும்.

இந்த அமைப்பு எப்படி வந்தது? 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி பேசினார். 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. நீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் அதைத் தனியாக ஏற்கவேண்டும். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27இல். சட்டம் எழுதப்பட்டதற்கும் அதை இங்கே அமல்படுத்த ஒரு ஆபீஸ் திறக்கப்பட்டதற்கும் நடுவே எட்டு வருஷம்!

இன்னொரு முரணும் உண்டு. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்று சொல்லும் 48ஏ பிரிவு, 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்புக்குள் வந்தது. அது நெருக்கடி நிலைக் காலம், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். அடுத்து வந்த ஜனதா அரசு 1978இல் அந்தத் திருத்தத்தின் பல பகுதிகளை நீக்கியது. 48ஏவை மட்டும் விட்டுவைத்தது. யார் கொண்டுவந்தார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு சட்டத்தை எடைபோட முடியாது என்பதற்கு இது போதும்.

1984 டிசம்பரில் போபால். அதன் பிறகு, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். இனி இந்தியாவில் நடப்பதற்கெல்லாம் சாவி இதன் மூன்றாம் பிரிவுதான். சூழலைக் காக்கத் தேவையான நடவடிக்கைகளை மத்திய அரசு தானே எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டாம் என்றது அது. அன்றைக்கு அது நியாயமாகவே பட்டது, விஷவாயு மசோதா நிறைவேறும்வரை காத்திருக்காது இல்லையா? ஆனால் ஒரு கையெழுத்தில் கொண்டுவர முடிகிற பாதுகாப்பை ஒரு கையெழுத்தில் எடுத்துவிடவும் முடியும்.

1991 பிப்ரவரி 19இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதற்கு நல்ல உதாரணம். அப்போது இருந்தது சந்திரசேகரின் சிறுபான்மை அரசு. சில மாதங்களே நீடித்த அந்த ஆட்சியில், அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு நாட்டின் கடற்கரை முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2011இல் புது அறிவிக்கை வருவதற்குள் அது 20 முறைக்கு மேல் திருத்தப்பட்டது. காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பாஜக என எல்லாருடைய ஆட்சியும் அந்தக் காலத்தில் வந்துபோயின. 2019இல் மறுபடியும் புது அறிவிக்கை. மக்கள் அடர்த்தி அதிகமுள்ள கிராமப்புறக் கடற்கரைகளில், எதுவும் கட்டக்கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. தாய்ச் சட்டம் இன்னும் அதே 1986தான்.

அறிவிக்கையைக்கூட மாற்ற வேண்டியதில்லை, வரைபடமே போதும் என்பதை எண்ணூர் காட்டியது. 1996இல் மத்திய அமைச்சகம் ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆனால் மாநிலத்தில் புழங்கிய வேறொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்டுக்கேட்டு, சூழலியல் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும் 2017இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். இறாலும் நண்டும் பிடித்த இடம் ஒரு தாளில் ஆறாகவும் இன்னொரு தாளில் தொழிற்பேட்டைக்கான நிலமாகவும் இருந்தது.

சரி, அறிவிக்கை மாறும்போது மக்கள் எங்கே? சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஐந்தாம் விதி இதற்காகவே இருக்கிறது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல 60 நாள் தரவேண்டும். ஆனால் அதே விதியில், பொதுநலன் கருதி அந்த அவகாசத்தைத் தராமலே விடலாம் என்றும் ஒரு வரி உண்டு. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச் 28இல், சாலை, குழாய்ப்பாதை மாதிரியான நீளவாக்குத் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று ஓர் அறிவிக்கை வந்தது. 60 நாள் தரவில்லை. ஏரிகளில் சவுடு மண் ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்த்தே வளரும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது தூரத்து டில்லிச் செய்தி கிடையாது. 2024 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்துசெய்தது. சாலை வேலைகளே நின்றுகிடந்த ஊரடங்கில், மக்களிடம் கேட்காமல் விடுவதற்கு என்ன அவசரம் என்பதற்கு அரசிடம் பதில் இல்லை. நடுவில் போனது நாலு வருஷம். அதற்குள் எடுத்த மண் திரும்பி வராது.

நீதிமன்றமும் நிலையான தரை கிடையாது. முதலில் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி வாங்குவதற்கு 2017இல் ஓர் அறிவிக்கையும் 2021இல் ஒரு குறிப்பாணையும் வழிசெய்தன. 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு இரண்டையும் ரத்துசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு, 2:1 என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மறுத்து எழுதியவர் முதல் அமர்விலும் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1981இல் ரீகன் அரசின் சுற்றுச்சூழல் முகமை ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாற்றியது. மாசு வெளியிடும் ‘மூலம்’ என்றால் ஒவ்வொரு புகைபோக்கியும் இல்லை, முழு ஆலையும் சேர்ந்து ஒன்று. 1984இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், தெளிவில்லாத சட்டச் சொல்லுக்கு அரசு முகமை தரும் நியாயமான விளக்கத்தை ஏற்கலாம் என்றது. 2024இல் அதே நீதிமன்றம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. 1981இல் முகமையின் தலைவராக இருந்தவர் ஆன் கோர்சக். 2024 தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் நீல் கோர்சக்.

மறுபடி நம்ம மாவட்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்க அதானி நிறுவனம் முன்வைத்த திட்டத்துக்கு, 2021 ஜனவரி 22இல் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க இருந்தது. அப்போது அதிமுக ஆட்சி. கொரோனாவைக் காரணம் காட்டி ஒத்திவைத்தார்கள். அந்தத் தேர்தல் சமயத்தில் திமுக இத்திட்டத்தை எதிர்த்தது. ஆட்சி மாறியது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி தேதி குறித்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எதிர்ப்பு கிளம்பியது, மறுபடி ஒத்திவைப்பு. பழவேற்காடு மீனவருக்கு இரண்டு முறையும் கிடைத்தது தற்காலிக நிம்மதி. ஒத்திவைப்பு என்றால் ரத்து என்று அர்த்தமில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்பதே 1997இல்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குள் சேர்ந்தது. ஒரு மீனவர் மைக் பிடித்துப் பேசுவதை அரசு எழுதிவைத்துக்கொண்டே ஆகவேண்டிய இடம் அது ஒன்றுதான். 2020இல் வந்த வரைவு, அதற்கான முன்னறிவிப்பு நாட்களை 30இலிருந்து 20ஆகக் குறைக்கப் பார்த்தது. வரைவை எல்லா அட்டவணை மொழிகளிலும் மொழிபெயர்க்க டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. வரைவு இறுதி வடிவம் பெறவில்லை.

எண்ணூரில் 1996 வரைபடத்துக்கு உயிர் வந்தது, அதை யாரோ தேடி எடுத்து வைத்திருந்ததால். சட்டத்தின் பெயரைத் தெரிந்துவைத்தால் மட்டும் போதாது. எந்தத் தேதியில், எந்த வரியை, யார் மாற்றினார்கள் என்பதையும் ஊர் வைத்திருக்க வேண்டும். அடுத்த அரசிதழ் வரும்போது, அதில் 60 நாள் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.