கோடையில் பூட்டிக் கிடந்த விடுதிகள்

ஐரோப்பாவைச் சிக்கனமாகச் சுற்றிப்பார்க்க விரும்புவோர்க்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: 'சீசன்' இல்லாத நாட்களில் செல்லுங்கள். சரிதான். ஆனால் ஓர் ஊருக்கு எது பருவம் என்பதை வானிலை மட்டுமா தீர்மானிக்கிறது? நீஸ், ஆன்திப், கான் என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த பிரான்சின் தென்கடற்கரையில் இன்று ஜூலை, ஆகஸ்டில் மலிவாக அறை கிடைப்பது அரிது. நூறாண்டுகளுக்கு முன் அதே மாதங்களில் அங்கே பெரிய விடுதிகள் பூட்டிக் கிடந்தன.

அந்தக் கரையை வெளியுலகு அறிந்தது குளிர்காலப் புகலிடமாகத்தான். நுரையீரல் நோயால் வருந்திய ஸ்காட்லாந்து எழுத்தாளர் டோபியாஸ் ஸ்மாலெட் 1763-இல் நீஸ் சென்று தங்கினார். 1766-இல் வெளிவந்த அவருடைய பயண நூல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு அறிமுகம் செய்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. மிதமான வெயிலையும் கடற்காற்றையுமே மருத்துவர்கள் பரிந்துரைத்தனர். 1864-இல் ரயில்பாதை நீஸை எட்டியபின் அரச குடும்பங்களும் நோயாளிகளும் ஒரே வண்டியில் வந்திறங்கினர். விக்டோரியா அரசியார் 1890-களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் பெரும் பரிவாரத்துடன் வந்தார். 1897-98 குளிர்காலத்தை அங்கே கழித்த செகாவோ ரஷ்யர்கள் தங்கும் எளிய விடுதியொன்றில் இருந்தார். கோடை வெயிலைச் செல்வந்தர்கள் அஞ்சினர்; வெயிலில் கறுத்த தோல் உழைப்பாளியின் அடையாளமாகக் கருதப்பட்டது. வசந்தம் முடிந்தால் கரை வெறிச்சோடிவிடும்.

இந்த வழக்கத்தைக் குலைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1922 கோடையில் இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் ஆன்திப்பில் மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜெரால்டு மர்ஃபி, சேரா மர்ஃபி தம்பதியரை அழைத்தார். மறு ஆண்டு அத்தம்பதியர் அங்குள்ள 'ஒத்தேல் து காப்' விடுதியின் உரிமையாளரிடம் பேசி, கோடையிலும் சில பணியாட்களோடு அதைத் திறந்துவைக்கச் செய்தனர். பிக்காசோவும் குடும்பத்துடன் அந்தக் கோடையில் அங்கு வந்துசேர்ந்தார்.

1924-இல் வந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கணக்கு இன்றைய சிக்கனப் பயணியின் கணக்கேதான். கையில் 7,000 டாலர். போருக்குமுன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 5 பிராங்க், அப்போதோ 15-க்கும் மேல். போதாக்குறைக்கு யாரும் வராத கோடைக்காலம். 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் பெரும்பகுதியை அங்கேதான் எழுதினார். ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஓராண்டு வாழ்வது எப்படி என்ற தலைப்பில் ஒரு கட்டுரையும் எழுதினார். வேடிக்கை என்னவெனில், மலிவான ஊரைத் தேடிச் சென்றும் பணம் கரைந்துபோனதுதான் அதன் கதை. மலிவு என்று தெரிந்ததும் கை தாராளமாகிவிடுகிறது.

1936-இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு இரு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கி, ரயில் கட்டணத்திலும் சலுகை அளித்தபோது கோடை எல்லார்க்குமான பருவமாக மாறத் தொடங்கியது. கோடைக்காகக் கதவு திறந்த ஒத்தேல் து காப் இன்று குளிர்காலத்தில் மூடப்படுகிறது!

ஆகவே சனவரியில் அப்பக்கம் செல்ல நினைப்பவர் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடற்குளியலை மட்டும் நம்பிய சிற்றூர்களில் உணவகம்கூட மூடிக் கிடக்கும். நீஸ் அப்படியன்று, மக்கள் வாழ்ந்து உழைக்கும் பெருநகரம். சந்தையும் அருங்காட்சியகங்களும் இயங்கும், பகல் வெப்பம் 13 பாகையை ஒட்டியிருக்கும், கடலில் இறங்க முடியாது, அவ்வளவே. 2021-இல் யுனெஸ்கோ நீஸை உலக மரபுச் சின்னமாக்கியதும் 'குளிர்கால உல்லாச நகரம்' என்ற பெயரில்தான். பிப்ரவரியில் கார்னிவல் தொடங்கினால் வாடகை ஏறிவிடும்; அதற்குமுன் திரும்பிவிடுவது நல்லது. தங்குவது நீஸிலாக இருந்தால், கரையோர ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாந்தோன் சென்று வரலாம். அங்கே குன்றின்மேலுள்ள கல்லறைத் தோட்டத்தில், காசநோயோடு வந்து 1898-இல் தம் 25-ஆம் வயதில் இறந்த ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி இருக்கிறார்.