‘சாப விமோசன’த்தின் முகப்புக் குறிப்பு

பழங்கதையை எடுத்துப் புதிதாகச் சொல்வோன், அக்கதையில் தோய்ந்த வாசகனுக்கு முன்னறிவிப்புத் தரக் கடமைப்பட்டவனா? பிறர் படைத்த கதைமாந்தரைக் கொண்டு ‘ரசிகர் புனைவு’ எழுதுவோரிடையே இவ்வினா இன்று பெரிதும் வாதிக்கப்படுகிறது. வன்கொடுமை, மரணம் போன்றவை வருமாயின் அவற்றைக் கதையின் தலைப்பிலேயே குறித்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அது கதையின் உயிர்நிலையை முன்பே வெளிப்படுத்திவிடும் என்பர் மறு சாரார். 2009இல் பொதுப் பயனுக்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் புனைவுத் தொகுப்பகம், அவற்றைத் தனித்தனியே குறிக்கவும், ‘குறிக்க விரும்பவில்லை’ என்று பொதுவாக அறிவிக்கவும் எழுத்தாளர்க்கு இடம் தந்தது. வினா புதிதுபோல் தோன்றினும் தமிழுக்குப் புதிதன்று.

நம் மட்டாஞ்சேரி அரண்மனையையே எடுத்துக்கொள்வோம். 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னர்க்கு வழங்கிய இம்மாளிகை, பின்னர் டச்சுக்காரர் திருத்தியமைத்தமையால் டச்சு அரண்மனை எனப் பெயர் பெற்றது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை தசரதன் வேள்வியில் தொடங்கி, இராமன் அயோத்தி மீள்வதோடு நிறைகிறது. கீழறையிலோ கோபியருடன் கண்ணன் கூடிய இன்பக் காட்சிகள். இவை ஊரார் அனைவரும் வந்துபோகும் இடத்தில் தீட்டப்பட்டவை அல்ல. அரச குடும்பத்தாரின் உறைவிடத்துள் தீட்டப்பட்டவை. யார் காணலாம் என்பதை அன்று வாயிலே வரையறுத்தது.

அவையில் அரங்கேறும் காப்பியத்திற்கு அத்தகைய வாயில் இல்லை. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கூந்தலும் தொடையும் பற்றித் தூக்குகிறான். கம்பரோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். கேட்போர் மனம் நோகும் இடத்தில் எச்சரிக்கவில்லை, கதையையே மாற்றினார்.

1943இல் இதற்கு நேர்மாறான குரல் எழுந்தது. கம்பராமாயணத்தையே தீயிட வேண்டும் என்று அண்ணா வாதிட, ரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வெவ்வேறு மேடைகளில் அவரை எதிர்கொண்டனர். அதே ஆண்டில்தான் ‘கலைமக’ளில் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ வெளிவந்தது. இராமகாதையில் ஊறியோர்க்கு இக்கதை உவப்பாக இராது என்பதை முகப்பிலேயே ஒப்புக்கொண்ட அவர், அதற்காகத் தாம் கவலையுறவில்லை என்பதையும் உடன் அறிவித்தார். மாற்றுதலும் எரித்தலும் அல்லாத மூன்றாம் வழி இது.

அவையடக்கம் பாடும் புலவன் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறான். இக்குறிப்பில் அத்தாழ்மை இல்லை. ஆயினும் வாசகனுக்கு மரியாதை உண்டு. விருப்பமில்லாதவன் விலகலாம், உள்ளே என்ன நேரும் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. நம் அரண்மனைச் சுவரில் கதை நிறைவுறும் இடத்திற்கு அப்பால் அவர் செல்கிறார். அயோத்தி மீண்ட சீதை, தான் தீக்குளித்த செய்தியை அகலிகையிடம் கூறுகிறாள். தன்னை மன்னித்த இராமனா அதைக் கேட்டான் என்று துணுக்குற்ற அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

இங்கே ஒன்று எண்ணத்தக்கது. புதுமைப்பித்தனின் குறிப்பு, பக்தியில் புண்படக்கூடிய வாசகனை நோக்கியது. இன்றைய எச்சரிக்கைகளோ, அத்தகைய கொடுமையைத் தம் வாழ்விலேயே பட்டவரை நோக்கியவை. இவ்விருவரும் ஒருவரல்லர். முன்னவர் இழப்பது ஒரு நம்பிக்கை. பின்னவர்க்கு ஆறிய புண் மீண்டும் திறக்கிறது. அகலிகை இரண்டாம் வகையினள். இன்னொருத்தியின் துயரைக் கேட்டதனால் கல்லானவள் அவள்.

ஆதலின் சீதை சொல்லாதிருந்திருக்க வேண்டுமா? அவள் வாய் மூடியிருப்பின் உண்மையும் கல்லாகியிருக்கும். சொல்ல வேண்டியதைக் குறைக்காமல் சொல்லுதல் எழுத்தாளன் கடன். கேட்பவள் யார் என்று ஒரு கணம் நோக்கிச் சொல்லுதல் அவன் பண்பு. 1948இல் இக்கேரள மண்ணில், திருவனந்தபுரத்தில் கண்மூடிய அப்பெருங்கலைஞர் கதையின் முகப்பில் வைத்த சிறு குறிப்பு, கடனையும் பண்பையும் ஒருங்கே காக்க இயலும் என்பதற்குத் தமிழ் தரும் சான்றாகும்.