குத்தகைத் திடலைத் திருத்தும் செலவு யாருடையது?

'தானா ராத்தா' என்னும் மலாய்த் தொடருக்குச் சமநிலம் என்பது பொருள். ஏறி இறங்கும் மண்ணில் வாழ்வோர்க்குச் சமநிலமே பெருஞ்செல்வம். ஆதலின் மலையூர் ஒன்றிற்கு இப்பெயர் அமைந்தது பொருத்தமே. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனைக் கோடை வாழிடமாக்க முனைந்தார். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. 1930-களின் நடுவில் ஆறு குழிகளைக் கொண்ட கோல்ப் திடலொன்றும் இங்கே இருந்தது. இன்று பிரிஞ்சாங் செல்லும் சாலையோரத்தில் பதினெட்டுக் குழித் திடல் பரந்து கிடக்கின்றது.

ஆறு குழி பதினெட்டாவது எளிதன்று. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவ வேண்டும். மழைநீர் வடியக் கால்வாய் எடுக்க வேண்டும். புல்லை வளர்த்து நாள்தோறும் காக்க வேண்டும். பல நாடுகளில் இத்தகைய திடல்கள் அரசுக்கோ நகராட்சிக்கோ உரியவை. மன்றங்கள் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. அங்கெல்லாம் ஒரு வினா எழுகின்றது. பிறர் நிலத்தைத் திருத்தும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? திருத்திய பயன் இறுதியில் யாரைச் சேரும்?

"ஆடுவது நீர், செலவும் உமதே" என்பார் நிலமுடையார். "தவணை முடிந்தால் திடல் உமக்கே வரும், பாதியேனும் தருக" என்பார் குத்தகையார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. தவணை நீண்டதாயின் குத்தகையார் தம் செலவைப் பயனாக மீட்டுக்கொள்வார். எஞ்சிய ஆண்டுகள் சிலவேயாயின் அவர் ஒரு கால்வாயும் வெட்டத் துணியார். ஆகவே வழக்கைத் தீர்ப்பது கருணையன்று, எழுதிய ஒப்பந்தமே.

இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதனைத் தன் 108-ஆம் பிரிவில் வகுத்துரைக்கின்றது. மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பெற்ற நிலையிலேயே நிலத்தைக் காத்துத் திருப்பித் தருவது குத்தகையாரின் கடமை. நிலமுடையார் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை அறிவித்த பின்னும் செய்யாவிடில், குத்தகையார் அதனைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆயினும், பயிர்த்தொழிலுக்கு அன்றி வேறெதற்கும் இசைவின்றி நிலையான கட்டடம் எழுப்பலாகாது.

ஒப்பந்தத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது சென்னைக் கிண்டித் திடலின் வரலாறு. அங்கே அரசுக்குரிய 160.86 ஏக்கர் நிலம் 99 ஆண்டுகளுக்குக் குதிரைப் பந்தய மன்றத்திற்குக் குத்தகையாயிற்று. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. அத்திடலின் நடுவே மெட்ராஸ் ஜிம்கானா மன்றத்தார் கோல்ப் ஆடிவந்தனர். 1970 முதல் வாடகையை உயர்த்தித் தருமாறு அரசு கேட்டது. உயர்த்தும் விதி ஒப்பந்தத்தில் இல்லை என மன்றம் மறுத்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி வாயிலுக்கு முத்திரையிட்டது. நெடுங்காலம் புல்லைப் பேணிய கோல்ப் ஆட்டக்காரரும் வழக்காட நேர்ந்தது. நிலத்துக்குரியவரோடு நேரே ஏடு எழுதாதவர் செய்த செலவு எத்துணை நிலையற்றது என்பதை இது காட்டுகின்றது.

நம் மலையிலும் இப்பாடம் உண்டு. கேமரன் மலையின் காய்கறித் தோட்டக்காரர் பலர் தற்காலிக உரிமத்தின்மேல் அரசு நிலத்தைப் பயிரிட்டனர். அவ்வுரிமம் டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவது. பிறருக்கு மாற்ற இயலாதது. உரிமம் பெற்றவர் மறைந்தால் தானும் மறைவது. சரிவில் படிக்கட்டு வயல் அமைத்தோரும், ஊற்றுநீரைக் குழாயிட்டுக் கொணர்ந்தோரும் தம் பணத்தையே செலவிட்டனர். திருத்திய மண்ணோ ஆண்டுதோறும் அடுத்த இசைவுக்குக் காத்திருந்தது.

மாணவ மணிகளே, ஆசிரிய நண்பர்களே! கோல்ப் திடல் நமக்கு எதற்கு என எண்ணாதீர்கள். நம் தோட்டப் பள்ளிகளின் கதையும் இதுவே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. பள்ளி எழுந்தது, நிலமோ தோட்டத்தின் நிலமாகவே நின்றது. பின்னாளில் அரசு ஆசிரியர்க்குச் சம்பளம் தந்தது. ஆயினும் தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. கூரை ஒழுகினால் "நிலம் எம்முடையதன்று" என்றது அரசு. "பள்ளி எம்முடையதன்று" என்றது தோட்டம். இடையில் செலவை ஏற்றவர் கொழுந்து கிள்ளியும் பால் வெட்டியும் பிழைத்த பெற்றோரே.

நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் பெற்றோர் மாதந்தோறும் பணம் திரட்டி ஒரு மண்டபம் கட்டினர். சில ஆண்டுகளில் தோட்டம் கைமாறியது. மண்டபத்திற்கு ஆதாரம் கேட்டபோது எங்களிடம் இருந்தவை நன்கொடைப் பற்றுச்சீட்டுகள் மட்டுமே. நிலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதி வாங்கியிருக்கவில்லை. அன்று நான் கற்ற பாடம் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்காதது.

மேட்டை நிரவிய மண்வெட்டியின் பெயர் எந்தக் குத்தகை ஏட்டிலும் இல்லை. இனியேனும் பள்ளிக்கோ கோயிலுக்கோ ஒரு செங்கல் வைக்குமுன், நிலம் யாருடையது, தவணை எத்தனை ஆண்டு, கட்டியது பின்னர் யாருக்கு உரியது என்னும் மூன்றையும் எழுதி வாங்குவோம். உழைப்பைக் கொடையாகத் தருவது பெருமை. அறியாது இழப்பது பெருமையன்று.