உதடு மரத்தால் போதுமா? பல் ஊசியின் கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து, முழங்காலைத் தொட்டு, பல்லில் வந்து நிற்கும். ரூட் கெனால் என்று யாராவது சொன்னால் போதும், "அந்த அவஸ்தை எதுக்கு, பிடுங்கிப் போட்டுடுங்க" என்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிடுவார். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, இன்று அது எவ்வளவு தேவை என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பல் மருத்துவத்தை முறையாக நூலாக்கியவர் பிரான்ஸ் நாட்டு பியர் ஃபோஷார். அவருடைய நூல் 1728ல் வந்தது. பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதையை ஊசியால் எடுப்பதை அவர் அப்போதே எழுதியிருக்கிறார். ஆனால் மரக்க வைக்க மருந்து கிடையாது. பிறகு 1836ல் ஸ்பூனர் என்ற அமெரிக்கர், பல்லின் குழியில் பாஷாணம் வைத்து நரம்பைச் சாகடிக்கும் வழியைச் சொன்னார். ஆர்செனிக் என்கிற அதே விஷம்தான். அது கொஞ்சம் கசிந்தாலும் ஈறும் எலும்பும் அழுகும். ஆனாலும் வேறு வழியில்லாததால் பல காலம் அது புழக்கத்தில் இருந்தது.

விடிவு 1884ல் வந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டுபிடித்தார். செப்டம்பரில் செய்தி வெளியானது. அந்த வருஷம் முடிவதற்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவர் நண்பர் ஹாலும் அதே மருந்தை ஊசி வழியாக நரம்பின் பக்கத்தில் செலுத்திப் பார்த்தார்கள். கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகும் நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்தில் மருந்தை விட்டால், அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்களும் உதடும் மரத்தன. இன்றும் பல் டாக்டர் கடைவாயின் உள்ளே ஆழமாகப் போடும் ஊசி இதன் வழிவந்ததுதான். தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த இருவரும் கொக்கெயினுக்கு அடிமையானார்கள். நம் வாயில் வலி போக அவர்கள் கொடுத்த விலை அது.

அடிமையாக்காத மருந்தைத் தேடிய போட்டியில் பிரான்சும் இருந்தது. எர்னெஸ்ட் ஃபூர்னோ என்ற வேதியியலாளர் 1904ல் ஒரு மருந்தை அறிவித்தார். நம் ஊரில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு "ஃபூர்னோ" என்றால் அடுப்பு என்று தெரியும். அதை ஆங்கிலத்தில் ஸ்டவ் ஆக்கி, மருந்துக்கு "ஸ்டோவெயின்" என்று பெயர் வைத்தார்கள்! ஆனால் அது சதையை உறுத்தியது. ஜெர்மனியின் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவகெயின் 1905ல் முந்திக்கொண்டது. ஹைன்ரிஷ் பிரவுன் என்ற மருத்துவர் அதோடு அட்ரினலின் சேர்க்கச் சொன்னார். ரத்தக் குழாய் சுருங்குவதால் மருந்து போட்ட இடத்திலேயே நிற்கும். 1943ல் ஸ்வீடனில் லொஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். 1948 முதல் விற்பனைக்கு வந்த அதுவே இன்று நம் ஊர் கிளினிக்குகளில் சாதாரணமாகப் போடுவது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பிறகு வந்த ஆர்ட்டிகெயின் அதிகம். எலும்பு வழியாக அது நன்றாகப் பரவும்.

மருந்து இப்படி மாறிவந்தாலும், அதை எங்கே போடுவது என்பதில்தான் பாதி சூட்சுமம். மேல்தாடை எலும்பு மெல்லியது, துளைகள் உள்ளது. பல்லின் வேருக்கு நேராக ஈறில் போட்டால் மருந்து ஊறி உள்ளே போய்விடும். கீழ்க் கடைவாய்ப் பல் அப்படியில்லை. சுற்றிலும் கெட்டியான எலும்பு. அதனால்தான் ஹால்ஸ்டெட் வழி. அதிலும் நரம்பு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வலியில் துடிக்கிற பல்லில், வீக்கத்தால் நரம்பே உசுப்பப்பட்டு இருப்பதால், சரியான இடத்தில் போட்டாலும் பல் அடங்காமல் இருப்பதுண்டு.

போன வருஷம் எனக்கே இப்படி நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல். பத்து நிமிஷத்தில் பாதி உதடு மரக்கட்டை ஆகிவிட்டது. டிரில் உள்ளே போனதும் உச்சந்தலை வரை ஒரு மின்னல். கையைத் தூக்கினேன். டாக்டரம்மா உடனே நிறுத்தி, "உதடு மரத்தா பல்லும் மரத்துடுச்சுன்னு அர்த்தமில்லீங்க ஐயா" என்று சொல்லி, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய ஊசியால் சில சொட்டு மருந்தை அழுத்திச் செலுத்தினார். பிறகு ஒரு மணி நேரம் வேலை நடந்தது, வலி இல்லை.

அந்த இரண்டாவது ஊசி உடனே வேலை செய்யும். ஆனால் ரொம்ப நேரம் நிற்காது. சிலர் எலும்பில் சிறு துளையிட்டு உள்ளே செலுத்துவார்கள். அது பலமானது, ஆனால் அட்ரினலினால் சில நிமிஷம் நெஞ்சு படபடக்கும். எதுவும் பலிக்காவிட்டால், திறந்த நரம்புச் சதைக்குள்ளேயே நேராகப் போடுவது கடைசி வழி. போடும் நொடியில் சுரீர் என்று வலிக்கும், அடுத்த நொடி அடங்கிவிடும். அதில் மருந்தைவிட அழுத்தம்தான் முக்கியம் என்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, உட்காரும் முன்பே இதய நோய், ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அட்ரினலின் அளவை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உணர்ச்சி திரும்பும் வரை சூடான காப்பி வேண்டாம். உதடு வெந்தாலும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலித்தால் கையைத் தூக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது நம் தலைமுறையின் பழக்கம். பல் டாக்டரின் நாற்காலியில் அந்தப் பொறுமைக்கு வேலையில்லை. இன்னொரு ஊசியில் தீர்ந்திருக்கும் வலிக்குப் பயந்து, நல்ல வேருள்ள பல்லை எத்தனை பேர் பிடுங்கிவிட்டோம்!