நெட்ஃப்ளிக்ஸ் விற்காமல் விட்ட பெட்டி

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா ஒரு கேள்வி கேட்டார். "டிவி நல்லாத்தானேப்பா இருக்கு, அப்புறம் ஏன் படம் வர மாட்டேங்குது?" ஏழு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ஸ்மார்ட் டிவி. திரை இன்னும் பளிச்சுனு இருக்கு. உள்ளே இருக்கிற ஆப்கள்தான் அப்டேட் நின்று ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குற எனக்கே பதில் சொல்லக் கூச்சமா இருந்தது.

சரி, ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் சொருகிடலாம். ஆனா எதை வாங்குறது? தேடப் போனவன் இந்தப் பெட்டிகளோட வரலாற்றில் மாட்டிக்கிட்டேன்.

கதை 2007-இல் தொடங்குகிறது. தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ், அந்த வருஷம் ஜனவரியில்தான் இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் மட்டும். அதை ஹாலில் இருக்கிற டிவிக்குக் கொண்டுவர, 'ப்ராஜெக்ட் கிரிஃபின்' என்ற பெயரில் கம்பெனிக்குள்ளேயே ஒரு பெட்டி தயாரானது. பொறுப்பு ஆந்தனி வுட்டிடம். ரோக்கு என்ற கம்பெனியும் அவருடையதுதான். ஜப்பானிய மொழியில் 'ரோக்கு' என்றால் ஆறு. அது அவர் தொடங்கிய ஆறாவது கம்பெனி.

பெட்டி விற்பனைக்கு வரப்போகிற நேரத்தில், நெட்ஃப்ளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதை நிறுத்திவிட்டார். அவர் கணக்கு சிம்பிள். நாமளே பெட்டி வித்தா, மத்த பெட்டிக்காரங்க நம்மைப் போட்டியாளராத்தான் பார்ப்பாங்க, அவங்க பெட்டியில நமக்கு இடம் கிடைக்காது. அதனால் திட்டம் ரோக்குவிடம் போனது. 2008 மே மாதம் சுமார் 100 டாலருக்குப் பெட்டி வெளிவந்தது. முதலில் அதில் நெட்ஃப்ளிக்ஸ் மட்டும்தான். அடுத்த வருஷமே அமேசானும் உள்ளே வந்தது. 2010-இல் ஆப்பிள் டிவியிலும் நெட்ஃப்ளிக்ஸ் வந்துவிட்டது.

ஹேஸ்டிங்ஸ் பயந்தது நியாயம்தான்னு பின்னாடி நடந்தது காட்டியது. 2013-இல் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் கொண்டுவந்தது. 2014-இல் அமேசான் ஃபயர் டிவி. இரண்டு பேரிடமும் பெட்டியும் இருக்கு, சொந்த வீடியோ சேவையும் இருக்கு. 2015-இல் அமேசான் தன் கடையில் ஆப்பிள் டிவி, குரோம்காஸ்ட் இரண்டையும் விற்பதை நிறுத்தியது. 2017 முடிவில் ஃபயர் டிவியிலிருந்து யூடியூப் ஆப்பை கூகுள் எடுத்துவிட்டது. அது திரும்பி வந்தது 2019 ஜூலையில்தான். இரண்டு கம்பெனி சண்டை போட்டதில், காசு கொடுத்து வாங்கியவன் வீட்டு டிவியில் யூடியூப் ஆப் இல்லை.

இன்னொன்று, நம்ம தொழில்காரங்களுக்குப் புரியும். 2025 மார்ச்சில், 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. வன்பொருளில் கோளாறு இல்லை. பத்து வருஷத்துக்கு என்று போட்டிருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கூகுள் சில நாட்களில் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. அதை அனுப்ப ஆள் இருந்ததால்தான் அந்தப் பெட்டிகள் பிழைத்தன.

இதையெல்லாம் படிச்சப்புறம் 4கே, டால்பி எல்லாம் எனக்கு ரெண்டாவது கேள்வி ஆயிடுச்சு. முதல் கேள்வி இரண்டே: அப்பா பார்க்கிற ஆப்கள் எல்லாம் இதில் இருக்கா? இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கா? இரண்டுக்கும் பதில் இருந்த ஒரு ஸ்டிக்கை வாங்கி, பொங்கலுக்குப் போனப்போ மாட்டிக் கொடுத்தேன்.

"இது எத்தனை வருஷம் வரும்?"னு அப்பா கேட்டார்.

"டிவி அளவுக்கு வராதுப்பா. ஆனா அடுத்த தடவை இதை மட்டும் மாத்தினா போதும், டிவியை மாத்த வேணாம்."

"இதைத்தானேப்பா நான் முதல்லயே சொன்னேன், டிவி நல்லாத்தான் இருக்குன்னு!"