மீண்டும் பயன்படும் நிரல்கள் - ஒரு வரலாறு

வீடு கட்டுகிறவர் செங்கல்லைத் தாமே சூளை வைத்துச் சுடுவதில்லை. தச்சர் திருகாணியைத் தாமே செய்துகொள்வதில்லை. யாரோ எங்கோ செய்து வைத்ததை வாங்கிப் பொருத்திக் கொள்கிறார்கள். மென்பொருள் உலகிலும் இதே வழக்கம் உண்டு. ஓர் இணையத்தளத்தில் வாசகர் கருத்து எழுதும் பெட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டுமா? அதை முதல் வரியிலிருந்து எழுத வேண்டிய தேவை இன்று எந்த நிரலாளருக்கும் இல்லை. முன்பே ஒருவர் எழுதிச் சோதித்து வைத்த பகுதியை எடுத்துத் தம் நிரலோடு இணைத்தால் போதும்.

இந்த வசதிக்கு 70 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பெரிய வெற்றிகள் உண்டு. வானில் வெடித்த ராக்கெட்டும் உண்டு, மருத்துவமனையில் போன உயிர்களும் உண்டு. பிறர் எழுதிய நிரலை எடுத்தாளும்போது அவருடைய உழைப்பு மட்டும் நம் கைக்கு வருவதில்லை. அவர் மனத்தில் வைத்திருந்த அனுமானங்களும் சேர்ந்தே வருகின்றன என்பதுதான் இந்த வரலாறு சொல்லும் பாடம் ஆகும்.

கேம்பிரிட்ஜ் அலமாரி

1949 மே 6 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கியது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அது அச்சிட்டுக் காட்டியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் மௌரிஸ் வில்க்ஸ். பாதரசம் நிரப்பிய குழாய்களே அதன் நினைவகம். நிரல்களைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி உள்ளே செலுத்துவார்கள்.

கணிப்பொறி தயாரானதும் எல்லாம் எளிதாகிவிடும் என்றுதான் எண்ணினார்கள். ஆனால் எழுதிய நிரல்களில் பிழைக்கு மேல் பிழை வந்தது. தம் வாழ்நாளில் பெரும்பகுதி தாம் எழுதிய நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப் போகிறது என்று ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது தமக்கு உறைத்ததாக வில்க்ஸ் பின்னாளில் நினைவு கூர்ந்தார்.

இதற்கு ஒரு வழி கண்டவர் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வீலர். வர்க்கமூலம் காண்பது, சைன் மதிப்புக் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லா நிரல்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரு முறை மட்டும் பிழையின்றி எழுதி வைத்துவிட்டால் எல்லோரும் எடுத்துக் கொள்ளலாம் அல்லவா? இப்படித் தனியே எழுதப்பட்ட சிறு நிரலுக்குத் துணைநிரல் என்று பெயர்.

இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. துணைநிரல் தன் வேலையை முடித்ததும் எந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அழைக்கும் நிரல் தான் நிற்கும் இடத்தின் அடையாளத்தை விட்டுச் செல்லும்படியும், துணைநிரல் அதைக் கொண்டு திரும்பும் கட்டளையைத் தானே அமைத்துக் கொள்ளும்படியும் வீலர் செய்தார். இது இன்றும் வீலர் தாவல் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டாவது சிக்கல், நினைவகத்தில் துணைநிரல் எந்த இடத்தில் போய் அமர்ந்தாலும் அது வேலை செய்ய வேண்டும் என்பது. நாடாவைப் படிக்கும்போதே முகவரிகளைத் திருத்திக் கொள்ளும் தொடக்கக் கட்டளைகளை எழுதி அதையும் அவர் தீர்த்தார்.

துணைநிரல் நாடாக்கள் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டன. வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துத் தம் நாடாவில் படி எடுத்துக் கொண்டு மீண்டும் அங்கேயே வைத்துவிடுவார். நூலகம் என்னும் சொல் நிரல்களுக்குப் பொருந்தி வந்தது இப்படித்தான். 1951-இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இது குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். அப்போது அந்த நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன.

1952-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் வீலர் ஒரு கட்டுரை படித்தார். இரண்டே பக்கம்தான். அதில் அவர் கவனிக்கத்தக்க ஒன்றைச் சொன்னார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒருவரும் அதை எளிதாகப் பயன்படுத்தும்படி விளக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான வேலை அதுவாகவே இருக்கலாம் என்றார் அவர். பின்னால் நடந்த பல விபத்துகளுக்கான காரணம் இந்த ஒரு கருத்தில் அடங்கியிருக்கிறது.

கை நகலும் கணிப்பொறி நகலும்

அதே மாநாட்டில் கட்டுரை படித்த இன்னொருவர் கிரேஸ் ஹாப்பர். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணிப்பொறியில் பணியாற்றியவர். அங்கே இருந்தவர்கள் சரியாக ஓடிய நிரல் துண்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக் கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதுவார்கள். பார்த்து எழுதும்போது எண்கள் மாறிப் போகும். முகவரிகளைக் கூட்டும்போது கணக்குத் தவறும். மனிதருக்கு வராத இந்த வேலையைக் கணிப்பொறியிடமே விட்டுவிட்டால் என்ன என்று ஹாப்பர் எண்ணினார். வேண்டிய துணைநிரல்களின் பெயர்களைக் கொடுத்தால் அவற்றைத் தேடி எடுத்து ஒன்றாகக் கோத்துத் தரும் ஏ-0 என்னும் நிரலை யுனிவாக் கணிப்பொறிக்காக அவர் எழுதினார்.

1955-இல் ஐ.பி.எம். கணிப்பொறிகளை வாங்கிய நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து ஷேர் என்னும் குழுவை அமைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் ஒரே நிரலைத் தனித்தனியே எழுதிக் காலத்தையும் பணத்தையும் வீணாக்குவதைத் தவிர்க்க, எழுதியதைத் தங்களுக்குள் பகிர்ந்து கொண்டன. ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட நிறுவனங்களும் அதில் இருந்தன என்பது வியப்புக்குரியது.

உதிரிப்பாகக் கடை என்னும் கனவு

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் சரியாக ஓடுவதில்லை என்ற கவலைதான் அங்கு எல்லோருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மக்கில்ராய் அங்கே ஒரு கருத்தை வைத்தார். மற்றத் தொழில்கள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்கு வந்துவிட்டன. மென்பொருள் மட்டும் இன்னும் கைத்தொழிலாகவே இருக்கிறது. மின்னணுப் பாகங்களைப் பட்டியலைப் பார்த்து வாங்குவது போல நிரல் பாகங்களையும் வாங்க முடிய வேண்டும். எவ்வளவு துல்லியம் வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைப் பார்த்து வாங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

அந்தக் கடை உடனே திறக்கவில்லை. ஆனால் அவருடைய இன்னொரு யோசனை பலித்தது. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி மாட்டுவது போல நிரல்களையும் மாட்ட முடிய வேண்டும் என்று அவர் 1964-லேயே எழுதியிருந்தார். 1973-இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸ் இயக்குதளத்தில் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாயும் இந்த ஏற்பாடு இன்றும் அன்றாடம் பயன்படுகிறது.

பழைய நிரல், புதிய இடம்

மறுபயன்பாட்டின் மறுபக்கம் 1980-களில் தெரிய வந்தது. கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் தன் முந்தைய மாதிரிகளின் நிரல் பகுதிகளை எடுத்துக் கொண்டிருந்தது. முந்தைய மாதிரியான தெராக்-20-இல், நிரல் தவறினாலும் கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்தும் தனிப் பாதுகாப்பு அமைப்புகள் வன்பொருளில் இருந்தன. அதனால் நிரலில் இருந்த பிழை யார் கண்ணிலும் படவில்லை. புதிய இயந்திரத்தில் அந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டு நிரலையே முழுதும் நம்பினார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் 6 நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களில் சிலர் உயிரிழந்தனர். பல ஆண்டுகள் ஓடிய நிரல் என்ற நம்பிக்கையே இங்கு வினையாயிற்று.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஏரியன் 5. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் இந்தப் புதிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. பூமியின் காந்தப்புலத்தை ஆராய்வதற்கான 4 செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. சுமார் 40 வினாடிகளில் அது பாதை திரும்பி உடைந்து வெடித்தது.

காரணம் என்ன? ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் கணிக்கும் கருவியின் நிரல், ஏரியன் 4-இலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை அது 16 பிட் எண்ணாக மாற்றும். 16 பிட்டில் 32,767 வரைதான் அடங்கும். ஏரியன் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வாய்ப்பே இல்லை என்று கணித்து, அந்த இடத்தில் காப்பு எதுவும் வைக்காமல் விட்டிருந்தார்கள். கணிப்பொறியின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும் என்பது அதற்குக் காரணம். ஏரியன் 4-க்கு அது சரியான முடிவே. ஆனால் ஏரியன் 5-இன் பக்கவாட்டு வேகம் 5 மடங்கு விரைவாகக் கூடியது. எண் அடங்கவில்லை, கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல்தான். அது ஒரு கணம் முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், தவறிய அந்தப் பகுதிக்கு ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எந்த வேலையும் இல்லை!

விசாரணைக் குழு நிரலில் எழுத்துப் பிழை எதையும் காணவில்லை. எழுதியவர்கள் கேட்டதைச் சரியாகவே எழுதியிருந்தார்கள். நிரல் சொல்லாமல் வைத்திருக்கும் அனுமானங்களை எல்லாம் கண்டறிந்து சரிபார்க்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. 1952-இல் வீலர் கடினம் என்று சொன்ன வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இணையக் காலம்

மக்கில்ராயின் கடையைத் திறந்து வைத்தது இணையம் எனலாம். 1995-இல் பெர்ல் மொழிக்கான சிபான் தொகுப்பு வந்தது. பின்னர் ஒவ்வொரு நிரல்மொழிக்கும் இப்படி ஒரு தொகுப்பு உருவாயிற்று. இவற்றில் பெரும்பாலானவை இலவசம்.

2005-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவிலிருந்து ஜாங்கோ என்னும் வலைச் சட்டகம் வெளிவந்தது. வாசகர் கருத்துக்கென ஆயத்தப் பகுதி ஒன்று அதில் இருந்தது. செய்தி, படம், நிகழ்ச்சி என எதோடு வேண்டுமானாலும் அதை ஒட்டிக் கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை யாருக்கும் கச்சிதமாக அமைவதில்லை. 2013-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2015-இல் ஜாங்கோவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தாமே எழுதிக் கொள்வது அல்லது வெளிச் சேவையைப் பயன்படுத்துவது நல்லது என்று அதன் விளக்கக் குறிப்பே சொன்னது.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்பது பழமொழி. 2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் இதை அனுபவத்தில் கண்டார்கள். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் துண்டு நிரல் 11 வரிதான். பெயர் குறித்த ஒரு தகராறில் மனம் கசந்த அதன் ஆசிரியர், தாம் எழுதிய எல்லாவற்றையும் என்பிஎம் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டார். அந்த 11 வரியை நேராகவோ சுற்றி வளைத்தோ நம்பியிருந்த மென்பொருள்கள் உலகெங்கும் நிறுவ முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் அதை மீட்டு வைத்தார்கள். பிறகு அப்படி எளிதில் நீக்க முடியாதபடி விதிகளையும் மாற்றினார்கள்.

2021 டிசம்பரில் வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. நிரலில் நடப்பவற்றைக் குறித்து வைக்கும் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகம் எண்ணற்ற நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருந்தது. குறிக்க வந்த எழுத்தில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு இருந்தால், வெளியே உள்ள கணினியைத் தொடர்பு கொண்டு அங்கிருந்து வருவதை ஏற்கும் வசதி அதில் 2013 முதல் இருந்தது. பயனர் தட்டச்சு செய்யும் எதையும் குறித்து வைப்பது நிரலாளர் வழக்கம். ஆகவே மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி எழுதியே பிறர் கணினியைக் கைப்பற்ற முடிந்தது! ஆபத்தை அளக்கும் அளவுகோலில் இதற்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10. பல நிறுவனங்களுக்குத் தங்கள் மென்பொருளுக்குள் லாக்4ஜே இருக்கிறதா இல்லையா என்பதே தெரிந்திருக்கவில்லை. அதைப் பராமரித்து வந்தவர்களோ ஒரு சில தன்னார்வலர்கள்.

அதே 2021-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை ஒன்று, அரசுக்கு விற்கும் மென்பொருளில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்ற பட்டியலைத் தர வழி செய்யச் சொன்னது. பிஸ்கட் பொட்டலத்தில் சேர்மானங்களை அச்சிடுவது போல என்று வைத்துக் கொள்ளலாம்.

இவ்வளவு நடந்தும் மறுபயன்பாடு குறையவில்லை. குறையவும் கூடாது. ஒவ்வொருவரும் சைன் மதிப்பை மீண்டும் எழுதத் தொடங்கினால் பிழைகள்தான் பெருகும். ஆனால் சேர்மானப் பட்டியல் பாகத்தின் பெயரைத்தான் சொல்லும். அது எந்த இடத்துக்காக எழுதப்பட்டது, எந்த எல்லைக்குள் சரி என்பதைச் சொல்லாது. அதை எழுதியவர் குறித்து வைக்க வேண்டும். எடுத்தாள்பவர் படித்துப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் அலமாரியில் நாடா எடுத்தவருக்கு ஐயம் வந்தால் எழுதியவரையே நேரில் கேட்டிருக்கலாம். இன்றைய நிரலாளருக்கு அந்த வாய்ப்பு அரிது. அவர் கையில் இருப்பது அந்த விளக்கக் குறிப்பு மட்டுமே.